கோயில்தெருவில் விழுந்த பெனால்டி பாக்ஸ்

சவேரியார் கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறின மறுநாள் காலையில, ஃபுட்பால் மைதானத்துல போட்டு வச்சிருந்த வெள்ளைக் கோடெல்லாம் எழும்பி நடந்து வந்து, எங்க சிப்பித்துறை ஊர் முழுக்க நீட்டி நிமிந்து படுத்துக் கிடந்துச்சு. மீன் விக்கிற நாங்கதான் விடியும் முன்ன கடப்பொறத்துக்குப் போறவளுக, அதனால முதல்ல பாத்ததும் நாங்கதான். பாத்ததும் கையெடுத்துக் கும்பிட்டோம், மயங்கி விழுந்தோம்னு நெனச்சிராதீங்க. "எந்த எடுபட்ட பய தெருவெல்லாம் சுண்ணாம்பைக் கொட்டி வச்சிருக்கான்"னு ஏசிக்கிட்டே மிதிச்சுத் தாண்டி ஏலத்துக்குப் போய்ச் சேந்தோம். அன்னைக்குச் சாளை மீன் நல்லாப் பட்டிருந்துச்சு.

வெளிச்சம் வந்த பிறகுதான் எந்தக் கோடு எங்க கிடக்குன்னு தெரிஞ்சுது. மைதானத்தை ரெண்டாப் பிரிக்கிற பாதிக்கோடு கோயில் வாசல்படியில ஏறி இறங்கி அந்தப் பக்கம் போயிருந்துச்சு, நடுவட்டம் கோயிலுக்கு முன்னால இருக்கிற ஏலக்களத்தைச் சுத்தி விழுந்திருந்துச்சு, கிழக்குப் பக்கக்கோடு தென்னந்தோப்பு ஓரமா ஓடியிருந்துச்சு. தெக்குப் பெனால்டி பாக்ஸ் முழுசாக் கடலுக்குள்ள இறங்கித் தண்ணிமேல வெள்ளையா மிதந்துச்சு. வடக்குப் பாக்ஸ் கோயில்தெருவு மேல விழுந்து, ஊர்த்தலைவர் சூசையடிமை வீட்டையும் அக்கம்பக்கத்து வீடுகளையும் சேத்து வளைச்சுக்கிட்டு, பெனால்டி அடிக்கிற அந்த ஒத்தைப் புள்ளி தலைவர் வீட்டு முற்றத்துக் கிணத்தடியில போய் உக்காந்துக்கிச்சு.

காரணம் கேட்டா ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க, நாங்க சொல்லுறது இதுதான். கோடு போடுற பவுடர் மழையில நனைஞ்சு கட்டிதட்டிப் போச்சுன்னு, கல்லறைத் திருநாளுக்கு வெள்ளையடிச்சு மிச்சம் கிடந்த சிப்பிச் சுண்ணாம்பை எடுத்துக் கலக்கி மைதானத்துல ஊத்தியிருக்கானுவ கிளப்புப் பயலுவ. செத்தவங்க வீட்டுக்கு அடிச்ச சுண்ணாம்பை வச்சு உயிரோட இருக்கவங்களுக்கு எல்லை போடலாமா? போட்டுட்டானுவ, போட்டா இப்படித்தான் ஆகும். பங்குச் சாமியார் வந்து மந்திரிச்ச தண்ணி தெளிச்சுப் பாத்தாரு, கமிட்டிக்காரங்க தென்னந்துடைப்பம் வச்சுத் தேச்சுப் பாத்தாங்க, தேய்க்கத் தேய்க்கக் கோடு பளிச்சுன்னு ஆச்சு. சரி கிடந்துட்டுப் போகட்டும்னு விட்டாச்சு.

கோடு வந்தா சட்டமும் கூடவே வரும்னு அன்னைக்கே புரிஞ்சுபோச்சு. பக்கக்கோட்டைத் தாண்டிப் போன பந்தை, ரெண்டு காலையும் தரையில ஊனி, ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்கித்தானே உள்ள எறியணும்? அதே மாதிரி, வெளியூர்லேருந்து ஊருக்குள்ள எது வந்தாலும் ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு வந்தாத்தான் கோடு விட்டுச்சு. எங்களுக்கென்ன, மீன்கூடையை அப்படித்தானே பொறந்ததுலேருந்து சுமக்கோம், சிரிச்சுக்கிட்டே நடந்து வந்தோம். பைக்குல சாமானைக் கட்டிக்கிட்டு வந்த ஆம்பளைங்கதான் கோட்டாண்ட இறங்கி, அரிசிச் சாக்கைத் தலைக்கு மேல தூக்கி, காலு நடுங்க நடுங்க உள்ள வந்தாங்க. மைதானத்துல ஆட்டம் தொடங்குற வரைக்கும் எதிராளி நடுவட்டத்துக்குள்ள நுழைய முடியாதுங்கிறதால, ஏலக்களத்துல ஏலம் கூறுறவன் முதல் விலை சொல்லுற வரைக்கும் வெளியூர் யாவாரிங்க காலு வெளியவே ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. எங்கள இடிச்சுத் தள்ளிக்கிட்டு முன்னால போற பயலுவ வரிசையா கைகட்டி நிக்கிறதைப் பாக்க அவ்வளவு சந்தோசமா இருந்துச்சு. ஒரு வாரத்துல எல்லாம் பழகிப்போச்சு.

பழகாதது வடக்குப் பாக்ஸ் மட்டுந்தான். பாக்ஸுக்குள்ள பந்தைக் கையால தொட கோல்கீப்பர் ஒருத்தருக்குத்தான் உரிமை. அதனால கோயில்தெருவுல அந்தக் கோட்டுக்குள்ள கால் வச்ச எல்லாருக்கும், தோளுலேருந்து விரல்நுனி வரைக்கும் ரெண்டு கையும் தொங்கிப் போச்சு. வலி கிடையாது, மரத்துப்போறது கிடையாது, சும்மா தொங்கும், கோட்டைத் தாண்டி வெளிய வந்தா பழையபடி வேலை செய்யும். கடலுக்குள்ள கிடந்த பாக்ஸுலயும் அதே கதைதான், வலை இழுக்கிறவங்க அந்த இடம் வருமுன்னயே இழுத்து முடிச்சு, தோளால வள்ளத்தைத் திருப்பப் பழகிக்கிட்டாங்க. ஆனா வீட்டுல என்ன செய்ய முடியும்? கோயில்தெருப் பெண்டுக கோட்டுக்கு வெளிய அடுப்பு கூட்டிச் சமைச்சாளுக, அடுத்த தெருவுல உக்காந்து குடும்பம் குடும்பமாச் சாப்பிட்டாங்க, கதவை இடுப்பால தள்ளினாங்க, செபமாலையைக் கழுத்துல போட்டுக்கிட்டு உதட்டாலேயே மணி எண்ணினாங்க.

இன்னொண்ணும் சொல்லணும். அந்தத் தெருவுல பொண்டாட்டியைக் கைநீட்டி அடிக்க ஒருத்தனாலயும் முடியல. தலைவர் பொஞ்சாதி வியாகுலம் அக்கா, அடிக்குப் பயந்து தலையைக் குனிஞ்சே நடந்தவ, அந்த மாசந்தான் நிமிந்து நடந்து நாங்க பாத்தோம். கை இல்லேன்னா கால் இருக்கேன்னு டெல்லஸ்ங்கிறவன் ஒருநாள் பொண்டாட்டியை எத்தினான், ஊதுறவன் யாருன்னு தெரியாம ஆகாசத்துலேருந்து விசில் சத்தம் கேட்டுச்சு, அவன் காலு அவன் பேச்சைக் கேக்காம அவனைத் தலைவர் வீட்டு வாசல் நடையில, கோலுக்கு நடுவுல நிக்கிற மாதிரி, கொண்டுபோய் நிறுத்திச்சு, அவன் பொண்டாட்டி கிணத்தடிப் புள்ளியில ஒரு தேங்காயைக் காலால உருட்டி வச்சு ஓங்கி ஒரு உதை விட்டா பாருங்க, எங்களுக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுப்போச்சு. அதுக்குப் பிறகு தெருவே அமைதியா இருந்துச்சு.

வேற ஊருன்னா, "கீப்பருக்கு மட்டுந்தானே கை, கீப்பரைக் கூப்பிடுவோம்"னு முதல் நாளே சொல்லியிருப்பாங்க. எங்களுக்குக் கீப்பர் ஒருத்தி இருந்தா, ஆனா அவ பேரைச் சொல்ல வாய் கிடையாது.

அவ பேரு மார்சலின். போன வருசத் திருவிழாவுல முதல்முறையா பெண்பிள்ளைங்க ஆட்டம் வச்சாங்க. பக்கத்து ஊரு பாறைக்குடிக்கும் எங்களுக்கும் கடைசி ஆட்டம், கோல் எதுவும் விழாம முடியப்போற நேரம், பாறைக்குடிப் பிள்ளை ஒருத்தி அடிச்ச பந்தை நம்ம மார்சலின் பாஞ்சு பிடிச்சா. பிடிச்சவ பந்தோட பின்னால சாஞ்சு விழுந்துட்டா. கோல்கோட்டுமேல பந்து கொஞ்சம் கிடந்தாலும் அது கோல் கிடையாது, பந்து முழுசும் கோடு முழுசையும் தாண்டியிருந்தாத்தான் கோல். கூட்டம் கோட்டு வரைக்கும் வந்து நெருக்கினதால ரெஃப்ரிக்கு ஒண்ணும் தெரியல. மூச்சு வாங்க ஓடிவந்து, "தாண்டிச்சாம்மா?"ன்னு அவகிட்டயே கேட்டாரு. அவ எழும்பி மண்ணைத் தட்டிக்கிட்டு, "முழுசும் தாண்டிச்சு சார்"னா.

அவ்வளவுதான். கோப்பை போச்சு, அடிதடி ஆச்சு, நாலு பேரு மண்டை உடைஞ்சுது. சாயங்காலம் ஊர்க்கூட்டத்துல சூசையடிமை எழும்பி, "பந்து தாண்டவே இல்ல, இவ ஊரைக் காட்டிக் குடுத்துட்டா"ன்னு சத்தம் போட்டு, தோள்ல கிடந்த சிவப்புத் துண்டை எடுத்து அவ மூஞ்சிக்கு நேரா ஆட்டி, "வெளிய போ"ன்னாரு. அன்னையிலேருந்து அவ ஊருக்கு வெளிய. யாரும் அவகூடப் பேசக்கூடாது, அவகிட்ட எதுவும் வாங்கக்கூடாது, பேசினா பேசினவங்களுக்கும் அதே கதி. அவ தென்னந்தோப்பு ஓரத்துல ஒரு ஓலைப்புரை கட்டி, பாறைக்குடிக்காரங்களுக்கு வலை முடைஞ்சு குடுத்துப் பிழைச்சா.

இதுல நெஞ்சு கொதிக்கிற விசயம் என்னன்னா, தலைவர் மருமக பெர்பெத்தா இருக்காளே, அவ மார்சலினோட கூடப்பொறந்த அக்கா. அப்பனும் அம்மையும் சின்னதுலேயே போயிட்டாங்க, தங்கச்சியைக் குளிப்பாட்டித் தலைசீவி வளத்தது பெர்பெத்தாதான், கோல் போஸ்ட்டுக்குப் பின்னால நின்னு, "வெளிய வாட்டி, பந்தைப் பிடிக்க வெளிய வா"ன்னு தொண்டை கிழியக் கத்துறவளும் அவதான். புருசன் ரெக்சன் வெளிநாட்டுக் கப்பல்ல, இவ மாமனார் வீட்டுல. மாமனார் போட்ட கட்டு. ஒரு வருசம், ஒரே ஊருல, அக்காளும் தங்கச்சியும் ஒரு வார்த்தை பேசல. பெர்பெத்தா உண்டானதைக்கூட மார்சலின் கடப்பொறத்துல தூரத்துலேருந்து வயித்தைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டா, பாத்துட்டுத் தனியா நின்னு அழுதா. பாத்த எங்களுக்கும் பாவமா இருந்துச்சு, ஆனா பேசல.

பெர்பெத்தாவுக்கு மாசம் ஆக ஆக, "கோட்டுக்கு வெளிய ஒரு வீடு பாத்து இருக்கலாமே"ன்னு வியாகுலம் அக்கா சொல்லிப் பாத்தா. "சுண்ணாம்புக் கோட்டுக்குப் பயந்து வீட்டை விட்டு ஓடுறவன் நான் இல்ல, வலி வந்தா வண்டியைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிக்கிடலாம்"னாரு சூசையடிமை. ஆம்பளைங்க போடுற கணக்குல பிள்ளை எப்பவும் சொன்ன நேரத்துக்குத்தான் பொறக்கும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பேய்மழை. கடல் ஏறி ரோட்டை அரிச்சு வண்டி எதுவும் வர முடியாமக் கிடந்த மத்தியான நேரத்துல, நாள் நெருங்கு முன்னயே பெர்பெத்தாவுக்கு வலி வந்துட்டு. "எழும்பி நடந்து வா மக்ளே, கோட்டைத் தாண்டிட்டாப் போதும்"னு வியாகுலம் அக்கா முன்னால நடக்க, அவளும் பல்லைக் கடிச்சுக்கிட்டு முற்றம் வரைக்கும் வந்துட்டா. கிணத்தடிக்கு வந்ததும் காலு மடிஞ்சு அந்தப் பெனால்டிப் புள்ளியிலேயே உக்காந்துட்டா, பிறகு எழும்ப முடியல. ஓடிவந்த நாங்க எத்தனை பேரு! ஒருத்திக்கும் கை இல்ல. தூக்க முடியுமா, இழுக்க முடியுமா, ஒரு துணியை விரிக்க முடியுமா? பல்லால தார்ப்பாயைக் கடிச்சுக்கிட்டு நாலு பேரு சுத்தி நின்னு மழையை மறைச்சோம். கன்னியர்மடத்து பிலோமின் சிஸ்டர், நூத்துக்கணக்குல பிரசவம் பாத்தவங்க, பையோட ஓடிவந்து பாக்ஸுக்குள்ள காலை வச்சாங்க, பை கையிலேருந்து நழுவி விழுந்துச்சு. அவங்க முட்டிபோட்டுக் குனிஞ்சு பாத்துட்டு எழும்பினாங்க. "பிள்ளை இறங்கிட்டு. கழுத்துல தொப்புள்கொடி சுத்தியிருக்கிற மாதிரி தெரியுது. என்ன செய்யணும்னு நான் வாயால சொல்லுவேன், செய்யிறதுக்கு யாராவது ஒருத்தருக்குக் கை வேணும்"னாங்க.

அந்தக் கை யாருக்கு இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் தலைவர் மூஞ்சியைப் பாத்தோம், அவரு கிணத்தைப் பாத்தாரு.

அப்பதான் பெர்பெத்தா கத்தினா. வலிக்குக் கத்துறான்னு நெனச்சோம், வலிக்கு இல்ல. "மார்சலின்! வெளிய வாட்டி! வா!"ன்னு, கோல் போஸ்ட்டுக்குப் பின்னால நின்னு கத்துற அதே கத்தல், கூரையெல்லாம் தாண்டித் தென்னந்தோப்பு வரைக்கும் போச்சு. ஒரு வருசமா ஊர்ல ஒருத்தரும் சொல்லாத பேரு. ஓலைப்புரையில வலை முடைஞ்சுக்கிட்டிருந்தவ ஊசியைப் போட்டுட்டு எழும்பினான்னு பிறகு சொன்னாங்க, எழும்பினது தெரியும், வந்தது தெரியல, அவ்வளவு வேகம். கூட்டம் தானாப் பிரிஞ்சு வழி விட்டுச்சு. வந்தவ பாக்ஸுக்குள்ள பாஞ்சா.

பாஞ்சதும் அவ கையும் தொங்கிப்போச்சு.

மார்சலின் தன் ரெண்டு கையையும் மாறி மாறிப் பாத்தா, பிறகு நேரா சூசையடிமையைப் பாத்துச் சொன்னா, "மாமா, சிவப்பு அட்டை வாங்கி வெளிய போனவ கீப்பர் கிடையாது. நீங்கதான் என்னை வெளிய அனுப்புனீங்க. நீங்கதான் மாத்தணும்."

"மாத்தியாச்சு. நீ உள்ள வந்துட்ட, நான் மன்னிச்சுட்டேன், போதுமா?"ன்னாரு அவரு அவசரமா.

கை அசையல.

"மன்னிக்கிறதுக்கு அந்தப் பிள்ளை என்ன ஓய் தப்பு பண்ணிச்சு?" அப்படிக் கேட்டது யாருன்னு திரும்பிப் பாத்தா, வியாகுலம் அக்கா! புருசனை 'ஓய்'ன்னு கூப்பிட்டுட்டா! "அன்னைக்குக் கோல் போஸ்ட்டு ஓரமா நின்னது நீரு. உமக்குத் தெரியாததா? பேரப்பிள்ளை மூச்சு முட்டிச் சாகுறதுக்குள்ள உள்ளதைச் சொல்லும். பந்து தாண்டிச்சா, இல்லியா?"

சூசையடிமை நனைஞ்சுக்கிட்டு நின்னாரு. பெர்பெத்தா இன்னொருமுறை அலறினா. அந்த அலறல்ல அவரு உடைஞ்சுபோனாரு. கையால எடுக்க முடியாததால தோளை ஒரு குலுக்குக் குலுக்கினாரு, சிவப்புத் துண்டு வழுக்கிச் சேத்துல விழுந்துச்சு. "தாண்டிச்சு"ன்னாரு. "என் கண்ணால பாத்தேன். பந்து முழுசும் தாண்டிச்சு. அவ சொன்னதுதான் உண்மை. ஊருக்காகன்னு நான்தான் பொய் சொன்னேன்." சொல்லிட்டு அந்த வயசான மனுசன் சின்னப்பிள்ளையாட்டம் தேம்பி அழுதாரு.

மார்சலின் விரலு ஒவ்வொண்ணா அசைஞ்சுது. அவ அந்தப் புள்ளிக்கு முன்னால முட்டிபோட்டு உக்காந்தா. சிஸ்டர் காதுகிட்டக் குனிஞ்சு, "விரலை உள்ள விடு, கொடியைப் பிடி, இழுக்காத, பைய, பைய தலைக்கு மேல தூக்கி விடு"ன்னு சொல்லச் சொல்ல, அவ அப்படியே செஞ்சா. நாங்க தார்ப்பாயைக் கடிச்சபடிக்கே வாய்க்குள்ள மாதாவைக் கூப்பிட்டோம். ஆம்பளைங்க எல்லாரும் முதுகைக் காட்டிக்கிட்டுத் தெருவைப் பாத்து நின்னாங்க, சூசையடிமையும்தான். மழைச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. பொறுக்கமாட்டாம அவரு திரும்பாமலே கேட்டாரு, பாவம், வேற வார்த்தை அவருக்கு வரல, "தாண்டிச்சாம்மா?"

"முழுசும் தாண்டிச்சு, மாமா"ன்னா மார்சலின்.

இந்தமுறை ஒருத்தரும் சந்தேகப்படல. அவ ரெண்டு உள்ளங்கையிலயும் ஒரு பெண்பிள்ளை, நீலமா இருந்தது செவந்து, செவந்தது வாயைத் திறந்து ஊரே கேக்குற மாதிரி அழுதுச்சு. மார்சலின் பிள்ளையைக் கொண்டுபோய் அக்கா நெஞ்சுமேல வச்சா. பெர்பெத்தா தொடப் பாத்தா, முடியல, கை ரெண்டும் தரையில தொங்கிக் கிடந்துச்சு, பெத்த பிள்ளையைத் தொட முடியலியேன்னு அவ கண்ணுலேருந்து தண்ணி கொட்டிச்சு. மார்சலின் அக்காளோட வலது கையைத் தூக்கிப் பிள்ளை முதுகுமேல வச்சு, இடது கையைத் தூக்கித் தலைமேல வச்சு, அது ரெண்டும் நழுவி விழாம அதுமேல தன் கையை வச்சு அழுத்திக்கிட்டு அப்படியே இருந்தா. நாங்க ஓன்னு அழுதோம், தார்ப்பாய் விழுந்து எல்லாரும் தொப்பலா நனைஞ்சோம்.

மழை விட்டுப் பாத்தப்ப ஊர்ல எங்கயும் கோடு இல்ல. எல்லாம் மைதானத்துக்குத் திரும்பிப் போய், ஒண்ணும் தெரியாத மாதிரிப் படுத்துக் கிடந்துச்சு. கை வந்துட்டுன்னு கோயில்தெரு ஆம்பளைங்க விரலை மடக்கி மடக்கிப் பாத்தாங்க. மறுநாள் விடியக்காலையில கோயில்தெருப் பெண்டுக மிச்சச் சுண்ணாம்பைக் கரைச்சு, அவளவ வீட்டு நடையில அவளவளே ஒரு கோடு போட்டு வச்சுட்டாளுக. அது வேலை செய்யுமா செய்யாதான்னு கையை ஓங்கிப் பாக்க இன்னைக்கு வரைக்கும் எவனுக்கும் தைரியம் வரல.

மார்சலின் இப்ப அக்கா வீட்டுக்கு எதுத்த வீட்டுல இருக்கா. நீங்க கோயில்தெரு வழியா எப்ப போனாலும் கேக்கலாம், பெர்பெத்தா பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு வாசல்ல நின்னு, "ஏட்டி மார்சலின்!"னு கூப்பிடுவா. "என்னக்கா?"ன்னு அவ வெளிய வருவா. "ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன்"ம்பா இவ. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் கூப்பிடுவா. ஒரு வருசத்துக்குக் கூப்பிடாம விட்டது பாக்கி கிடக்குல்லா, கூப்பிடட்டும்னு நாங்களும் கூடையை இறக்கி வச்சுட்டு நின்னு கேட்டுட்டுத்தான் போறோம்.